மீன் பட்டது, காணி விடுவிக்கப்பட்டது

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலுள்ள மயிலிட்டித் துறையில் விடியப்புறம் வள்ளம் கரை தட்டியதும் முதலில் எழும் கேள்வி, "மீன் பட்டதோ?" என்பதுதான். பட்டிருந்தால் "பட்டது". இல்லையென்றால் "ஒண்டும் படேல்லை". யார் பிடித்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. வலை கிடந்தது, மீன் பட்டது, கதை முடிந்தது. அன்றைய கடல் நிலவரத்தை எழுதும் பத்திரிகைகளும் 'மீன்பாடு' குறைவு, 'மீன்பாடு' நல்லது என்றே எழுதுகின்றன.

இந்தப் 'படு'தான் வகுப்பறைக்குள் போனதும் செயப்பாட்டுவினையின் துணைவினையாகிறது. 'மீன் மீனவரால் பிடிக்கப்பட்டது' என்று கரும்பலகையில் எழுதிப்போடுவார்கள். இலக்கணப்படி பிழையில்லாத வசனம். ஆனால் துறையில் நின்று அதைச் சொல்லுகிறவரை ஆட்கள் ஒருமாதிரித்தான் பார்ப்பார்கள்.

ஆங்கிலத்துக்குச் செயப்பாட்டுவினையில் அந்தக் கூச்சமில்லை. 'வாஸ் கோட்' (பிடிக்கப்பட்டது) என்று தொடங்கிவிட்டு, பின்னால் ஒரு முன்னிடைச்சொல்லைக் கொளுவி எதை வேண்டுமானாலும் சொல்லிவிடும். 'கோட் பை' என்றால் அடுத்து வருவது பிடித்த ஆள். 'கோட் இன்' என்றால் வலை. 'கோட் வித்' என்றால் தூண்டில். 'கோட் ஒஃப் மயிலிட்டி' என்றால் மயிலிட்டிக்கு வெளியே கடலில் பட்டது. வினை மாறுவதில்லை, அதற்குப் பின்னால் நிற்கும் குட்டிச்சொல் மாற, கதையே மாறுகிறது. 'நோன்' என்ற சொல்லும் அப்படித்தான்: 'டு' வந்தால் ஒருவருக்குத் தெரிந்தவர், 'ஃபோர்' வந்தால் ஒன்றுக்குப் பேர்போனவர், 'அஸ்' வந்தால் இன்ன பெயரால் அறியப்படுகிறவர். மரத்தால் செய்த வள்ளத்துக்கு 'மேட் ஒவ்' என்பார்கள், ஏனென்றால் மரம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. கருப்பநீரைக் காய்ச்சி எடுத்த பனங்கட்டிக்கு 'மேட் ஃப்ரம்' என்பார்கள், ஏனென்றால் கருப்பநீர் உருமாறிவிட்டது. இதற்கெல்லாம் மனப்பாடத்தைத் தவிர வேறு வழி கிடையாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இருநூறு வருடமாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த இருநூறு வருடம் தொடங்கிய இடம் மயிலிட்டியிலிருந்து சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. மயிலிட்டிக்கு அதற்கு முன்பே பள்ளிக்கூடம் புதிதில்லை. ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில், கோவிலோடு பள்ளிக்கூடமும் சேர்ந்த வலிகாமத்துக் கோவிற்பற்றுகளின் வரிசையில் தெல்லிப்பழை, மல்லாகம் ஆகியவற்றோடு மயிலிட்டியும் வருகிறது. ஆங்கிலம் வந்தது பிரித்தானியர் காலத்தில், ஆனால் இந்தப் பக்கத்துக்குக் கொண்டு வந்தவர்கள் அமெரிக்க மிசனறிமார். 1816இல் டானியல் பூவர் தெல்லிப்பழையில் தங்கித் தொடங்கிய பள்ளியின் வழிவந்ததுதான் இன்றைய யூனியன் கல்லூரி. 1823இல் வட்டுக்கோட்டை செமினறி எழுந்தது. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை, தமிழும் ஆங்கிலமுமாக. ஒரு பக்கத்தில் ஆங்கில வசனம், அடுத்த பக்கத்தில் அதன் தமிழ் என்று வந்துவிட்டால், ஒன்றின் மூச்சு மற்றதில் படாமல் போகாது.

படு சேர்த்த வினை வெள்ளைக்காரர் கொண்டுவந்த சாமான் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அது சரியல்ல. பழைய தமிழிலேயே அது இருக்கிறது; 'செயப்படுபொருள்' என்ற இலக்கணச் சொல்லுக்குள்ளேயே படு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதை எந்த அளவுக்குப் புழங்குவது என்பது வேறு விடயம். திருநெல்வேலிப் பக்கத்தில் ஊழியம் செய்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைக் கவனித்திருக்கிறார். திராவிட மொழிகளுக்கு ஐரோப்பிய வகையான செயப்பாட்டுவினை இயல்பாக இல்லை, படு சேர்த்துக் கட்டுவது வழக்கோடு ஒட்டாமல் நிற்கிறது என்பது அவருடைய கருத்து. அந்த வேலையைத் தன்வினை செய்துகொள்கிறது என்றும், 'அடியுண்டான்' போல 'உண்' சேர்த்தும் சொல்வார்கள் என்றும் காட்டினார். யாழ்ப்பாணத்தில் அடி 'உண்ண' மாட்டார்கள், 'வாங்குவார்கள்'. ஏச்சும் வாங்குவார்கள். வாத்தியாரால் ஏசப்பட்ட மாணவன் புத்தகத்தில் மட்டும்தான் உயிர்வாழ்கிறான்.

இதில் சுவையான சங்கதி ஒன்று உண்டு. வட்டுக்கோட்டையில் ஆங்கில இலக்கணம் படித்து, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவராக வந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சில் கொண்டுவந்தவரும் அவரே. ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். அதன் வினையியலில், செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்குத்தான் என்று ஒரு விதி வருகிறது. 'கதவு பூட்டியிருக்குது', 'சோறு காய்ச்சியாச்சு' என்று இன்றைக்கு ஆட்கள் பேசுவதற்கு அந்த விதி போதும். படுவும் வேண்டாம், ஆலும் வேண்டாம். ஆங்கிலத்தில் தேறிய ஒருவரின் கையாலேயே தமிழின் சொந்த ஏற்பாடு அச்சேறியது.

'ஆல்' உருபுக்கு ஊர்ப்பேச்சில் வேறு வேலை. 'என்னால ஏலாது' என்றால் இயலாமை. 'உன்னாலதான் இவ்வளவும்' என்றால் குற்றச்சாட்டு. ஆளின் பெயரோடு ஆல் சேர்ந்தால் யாழ்ப்பாணத்துக் காது உடனே கூர்மையாகும்: யாரோ யாரிலோ பழி போடுகிறார்கள்! அரசாங்கத் தமிழை வாசிக்கும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

1990 யூனில் போர் மறுபடி மூண்டபோது மயிலிட்டி வெறுமையானது. பலாலிப் படைத்தளத்தைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் ஊரும் துறையும் போய்ச் சேர்ந்தன. ஆங்கில அறிக்கைகள் அந்தச் சனத்துக்கு 'டிஸ்ப்ளேஸ்ட்' என்று பெயரிட்டன. அதற்குப் பின்னால் 'ஃப்ரம்' வரும், ஊரின் பெயர் வரும். 'டு' வரும், முகாமின் பெயர் வரும். 'பை' வந்தால் பெரும்பாலும் 'போர்' என்ற சொல்லோடு நின்றுவிடும். தமிழ் இங்கே படுவைத் தேடவில்லை, 'இடம்பெயர்ந்தோர்' என்றது. செயப்பாட்டுவினையை வெறுக்கும் தமிழுணர்வு ஒரு கணம் மகிழலாம். ஆனால் பெயர்த்தவர் இங்கும் இல்லை. பறவை பெயர்வது போல மக்கள் தாங்களாகப் பெயர்ந்தார்கள் என்ற சாயல் வந்துவிட்டது. செய்தவரை மறைக்க ஆங்கில இலக்கணம்தான் வேண்டும் என்றில்லை. தொல்காப்பியர் ஒப்புக்கொண்ட வழக்கும் அந்த வேலைக்கு உதவும்.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியை எடுப்பதற்கான அறிவித்தல்களை மரங்களில் ஒட்டினார்கள். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம், 2ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தின் வாசகம் 'பொதுத் தேவைக்காகக் காணி தேவைப்படுகிறது' என்ற அச்சில் வார்த்தது. தேவைப்படுவது காணி, யாருக்குத் தேவை என்ற இடத்தில் 'பொது' நிற்கிறது. காணிக்காரர்களைக் கண்டறிய முடியவில்லை என்பதும் அறிவித்தலில் இருந்தது. முடியாமற் போனது யாருக்கு என்று அதுவும் சொல்லவில்லை. காணிக்காரர்களில் பலர் மல்லாகம் கோணப்புலம் போன்ற முகாம்களில், கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். பெருந்தொகையானோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

2017 யூலை 3ஆம் திகதி, 27 வருடத்துக்குப் பிறகு, மயிலிட்டித் துறைமுகத்தோடு சேர்த்து 54 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. 'விடுவிக்கப்பட்டது' என்றது செய்தி. இப்போது ஆல் தாராளமாக வந்தது: இராணுவத்தினரால் விடுவிக்கப்பட்டது, இன்னாரால் கையளிக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் திருத்திய மீன்பிடித் துறைமுகத்தைப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க திறந்தார். இலங்கையில் எந்தத் திறப்பு விழாக் கல்லை எடுத்துப் பார்த்தாலும் வாசகம் ஒரே வார்ப்புத்தான்: இன்ன மாண்புமிகு அவர்களால், இன்ன திகதியில், திறந்து வைக்கப்பட்டது. கல்லில் ஆல் ஒருபோதும் விடுபடுவதில்லை. பேச்சில் பழி சொல்லும் உருபு, பளிங்கில் புகழ் சொல்லுகிறது.

ஊர்க்காரரின் வசனம் இன்னும் வேறு. 'எங்கட காணியை ஆமி பிடிச்சு வைச்சிருந்தது' என்பார்கள். எழுவாய் முன்னாலேயே நிற்கும், வினையில் ஒளிவுமறைவில்லை. திரும்பக் கிடைத்த பகுதியை 'விட்ட காணி' என்றும், கிடைக்காததை 'விடாத காணி' என்றும் சொல்லுவார்கள். சந்தியில் இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு இப்படித்தான் போகும்:

"உங்கட பக்கம் விட்டாச்சோ?"

"ரோட்டு மட்டும் விட்டிட்டினம். வளவு இன்னும் உள்ளுக்கைதான் கிடக்கு."