வேர் ஓரிடம், கொடி ஓரிடம்



பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் ஒட்டுக்கட்டும் வேலையைக் கண்டிருப்பீர்கள். விதையில் முளைத்த கன்றின் பட்டையைக் கீறித் திறந்து, நிறையப் பால் தரும் மரத்தின் மொட்டை அதில் பொருத்திக் கட்டுவார்கள். வேர் ஒரு மரத்துடையது. மேலே வளர்ந்து பால் தருவது இன்னொரு மரம். இதைப் போன்ற ஒட்டு வேலைதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழிவிலிருந்து மீட்டது. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

திராட்சையில் செய்யும் மதுவை வைன் என்பார்கள். அதைப் பற்றிப் பேசுவதால் குடியைப் புகழ்கிறோம் என்று எண்ண வேண்டாம். குடியால் கெட்ட குடும்பங்களை நாம் அறிவோம். இது ஒரு பயிரின் கதை; அப்பயிரை நம்பி வாழ்ந்த உழவர்களின் கதை.

மாம்பழத்தில் பல இனம் இருப்பதுபோல் வைன் திராட்சையிலும் பல இனங்கள் உண்டு. பிரான்சு நாட்டின் போர்தோ வட்டாரத்தில் விளையும் காபர்னே சோவின்யோன் சிறிய பழம், தோல் தடிப்பானது. அதன் வைன் கறுத்த சிவப்பாக, பால் சேர்க்காத கடுந்தேநீர்போல் துவர்க்கும். அதே வட்டாரத்து மெர்லோ சற்று முன்னதாகவே பழுக்கும். அதன் வைன் மென்மையானது. பர்கண்டி வட்டாரத்துப் பினோ நுவார் மெல்லிய தோலுடையது; வைனின் நிறமும் வெளிறியது. ஷார்டனே, ரீஸ்லிங் ஆகியவை வெள்ளை வைனுக்கு உரியவை. ரீஸ்லிங் ஜெர்மனியில் பெயர் பெற்றது. மணமும் புளிப்பும் மிகுந்தது. சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் பழத்தின் தோலிலிருந்தே வருகின்றன. கறுப்புத் திராட்சையாயினும், இவ்வினங்களின் சாறு ஏறக்குறைய நிறமற்றதே.

இத்தனை இனங்களுக்கும் ஒரு பேராபத்து வந்தது. 1860களில் தென் பிரான்சில் கொடிகள் காரணம் தெரியாமல் வாடின. இலை மஞ்சளாகும், காய் உதிரும், கொடி பட்டுப்போகும். 1868-ஆம் ஆண்டில் பிளான்ஷோன் என்ற தாவரவியல் அறிஞரும் அவருடைய தோழர்களும், பட்ட கொடியை விட்டுவிட்டு, இன்னும் உயிரோடிருந்த கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். அங்கே மஞ்சள் நிறச் சிறு பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. பிலொக்செரா என்னும் அந்தப் பூச்சி, அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு கப்பலேறி வந்தது.

அழிவு எவ்வளவு பெரியது? 1875-இல் பிரான்சின் வைன் உற்பத்தி சுமார் 840 கோடி லிட்டர். 1889-இல் அது ஏறத்தாழ 230 கோடி லிட்டராகக் குறைந்தது. நிலம் வைத்திருந்தவன் கடனாளியானான்; கூலிக்குக் கொடி வெட்டியவன் வேலையிழந்தான். பலர் ஊரைவிட்டுக் கடல் கடந்து அல்ஜீரியாவுக்குப் பிழைக்கப் போனார்கள். பிழைப்புக்காகக் கடல் கடப்பது எப்படிப்பட்டது என்பதை நம் முன்னோர் வழியாக நாம் அறிவோம் அல்லவா?

தீர்வு கண்டவருக்கு 3 லட்சம் பிராங்கு பரிசு என்று அரசு அறிவித்தது. மண்ணில் மருந்து செலுத்திப் பார்த்தார்கள். வயலில் நீரைத் தேக்கிப் பார்த்தார்கள். முடிவில், பகை வந்த இடத்திலேயே மருந்தும் கிடைத்தது. அமெரிக்கக் காட்டுக் கொடிகள் அந்தப் பூச்சியோடு நெடுங்காலம் வாழ்ந்து, அதைத் தாங்கும் வேரைப் பெற்றிருந்தன. ஆகவே அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டினார்கள். வேர் பூச்சியைத் தாங்கியது. பழமோ பழைய இனத்தின் பழமாகவே இருந்தது. இந்த வழியை எடுத்துரைத்தவர்களுள் ஒருவரான லலிமான் பரிசைக் கேட்டார். நோயைத் தீர்க்கவில்லை, தடுக்க மட்டுமே வழி சொன்னீர் என்று கூறிப் பரிசை மறுத்துவிட்டார்கள்.

மறுநடவு செய்தபோது எல்லா இனங்களுக்கும் இடம் கிடைக்கவில்லை. போர்தோவில் கார்மெனேர் என்றோர் இனம் இருந்தது. குளிரும் ஈரமும் மிகுந்த ஆண்டுகளில் அதன் பூ உதிர்ந்து காய்ப்புக் குறையும். உழவர்கள் அதைக் கைவிட்டார்கள். காலப்போக்கில் அது மறைந்தே போயிற்று என்று உலகம் நினைத்தது.

ஆனால் பூச்சி பிரான்சில் பரவுமுன்பே, 1850களில், போர்தோக் கொடிகள் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போயிருந்தன. அவற்றுள் கார்மெனேரும் இருந்தது. அங்கே அதை மெர்லோ என்றே எண்ணி, மெர்லோவோடு கலந்து வளர்த்தார்கள். மெர்லோ பழுக்கும் நாளில் பறித்தால் கார்மெனேர் காயாகவே இருக்கும். வைனில் பச்சைக் குடைமிளகாய் வாசம் வீசும். 1994-ஆம் ஆண்டு நவம்பரில் புர்சிக்கோ என்ற பிரெஞ்சு அறிஞர் சிலியின் தோட்டமொன்றில் அந்தக் கொடிகளை உற்றுப் பார்த்து, இவை மெர்லோ அல்ல, கார்மெனேர் என்றார். 1998-இல் சிலி அரசு அந்த இனத்தை ஏற்றுக்கொண்டது. சரியான பெயர் தெரிந்ததும் பறிக்க வேண்டிய நாளும் தெரிந்தது. சில வாரம் பொறுத்துப் பறித்தார்கள். அந்தப் பச்சை வாசம் அடங்கியது.

நேயர்களே, பிளான்ஷோனும் புர்சிக்கோவும் செய்தது ஒன்றே. ஒருவர் வேரைப் பார்த்தார். மற்றவர் கொடியைப் பார்த்தார். எல்லாரும் நாள்தோறும் கடந்து சென்ற ஒன்றை நின்று பார்த்தார்கள். மரத்தோடும் மண்ணோடும் வாழும் நமக்கு அந்தக் கண் புதிதல்ல. அதை நம் பிள்ளைகளுக்கும் பழக்குவோம்.