ஈர்க்குச்சி முதல் ஏர்பிரஷ் வரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் முகத்துக்கு வண்ணம் பூசும் தொழிலின் பழைய வேர் கூத்தில் இருக்கிறது. சென்னைக்கு மேற்கே உள்ள இந்த நிலம் பழைய தொண்டைமண்டலத்தின் ஒரு பகுதி. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். வேடம் கட்டுகிறவரே தம் முகத்தையும் எழுதிக்கொள்வார். ஒரு கையில் சிறு கண்ணாடி. எதிரே எண்ணெயில் குழைத்த வண்ணப் பொடிகள். அடிவண்ணத்தை விரலால் இழுத்துப் பூசுவார். அது படிந்த பிறகு ஈர்க்குச்சியின் நுனியை வண்ணத்தில் தோய்த்து, கண்ணோரத்துக் கோடுகளையும் கன்னத்திலும் புருவத்துக்கு மேலும் வரிசையாக வரும் வெள்ளைப் புள்ளிகளையும் வைப்பார். துரியோதனனுக்குச் சிவப்பு, கண்ணனுக்குப் பச்சை அல்லது நீலம் என்று வேடத்துக்கு வேடம் நிறம் மாறும். பந்த வெளிச்சத்திலும் பின்னாளில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும், கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் முகம் தெரிய வேண்டும். அதனால்தான் நிறங்கள் அவ்வளவு அழுத்தமாக இருந்தன. அருகில் போய்ப் பார்த்தால் மட்டுமே தெரியும் அந்தப் புள்ளிவேலை, நுணுக்கத்துக்காகவே செய்யப்பட்ட நுணுக்கம்.

பொருள்களைப் பொறுத்தவரை அந்தக் காலம் ஆபத்தானது. மஞ்சள் நிறம் தந்த அரிதாரம், ஆர்சனிக்கும் கந்தகமும் கலந்த ஒரு தாது. நாடகக் கொட்டகைகளில் முத்துவெள்ளை என்று வழங்கிய துத்தநாகப் பொடியும் வெளிநாட்டு மேக்கப் குச்சிகளும் வந்த பிறகுதான் நடிகர்களின் தோலுக்குச் சற்று நிம்மதி. ஜெர்மனியில் லுட்விக் லைக்னர் 1873-இல் கொழுப்பில் குழைத்த நிறக்குச்சிகளைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். உலகெங்கும் மேடை நடிகர்கள் அந்த வகைக் குச்சிகளுக்கு மாறினார்கள்.

அடுத்த மாற்றத்தைக் கேமரா கொண்டுவந்தது. பேசாப் பட காலத்துப் பிலிமில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். மேடையில் எடுபட்ட முகம் திரையில் அலங்கோலமாகும். பிலிமின் தன்மை மாறியதும் பூச்சும் மாறியது. வண்ணப் படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் 1937, 1938-இல் அறிமுகப்படுத்திய பான்-கேக், ஈரப் பஞ்சால் தொட்டுப் பூசுவது. மெல்லியதாகப் பரவும், பளபளக்காது. சென்னையில் ஜெமினி ஸ்டூடியோ இதை லாரி லாரியாக வாங்கியதை, அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். வங்காளியும் மராட்டியரும் ஆந்திரரும் தமிழரும் ஒரே அறையில் வேலை செய்த அந்த மேக்கப் பிரிவில், யார் கதாநாயகன் முகத்தைத் தொடலாம், யார் துணை நடிகர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கறாரான அடுக்குமுறை இருந்தது. கூட்டக் காட்சி என்றால் அந்த அடுக்கின் அடியில் இருந்த ஆபீஸ்பாய்க்கு வேலை தலைக்கு மேல் இருக்கும். பெரிய பாத்திரத்தில் கலந்த வண்ணத்தைப் பூசித் தள்ளுவார்.

கோடம்பாக்கமும் வடபழனியும் இப்படி ஒப்பனைக்கூடங்களால் நிறைந்தபோது மேற்குப் புறநகர் வேறு திசையில் போயிற்று. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-இல் ஆவடியில் எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலை, 1960-களின் நடுவில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று பட்டறைகளின் ஊராயிற்று. காற்றால் வண்ணம் அடிக்கும் கருவி இந்த வட்டாரத்துக்குள் முதலில் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். அது முகத்துக்கு வரவில்லை, இரும்புக்கு வந்தது. ஸ்பிரே கன்னைப் பிடித்து ஓட்டம் ஓட்டமாகப் பெயின்ட் அடிக்கும் கைகள் அம்பத்தூரில் இரண்டு தலைமுறையாக இருக்கின்றன.

ஸ்பிரே கன்னும் ஏர்பிரஷ்ஷும் ஒரே குடும்பம், அளவுதான் வேறு. அமெரிக்காவில் பிரான்சிஸ் ஸ்டான்லி 1876-இல் வண்ணம் தெளிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அயோவா மாநிலத்து ஆப்னர் பீலர் 1879-இல் படங்களுக்கு நீர்வண்ணம் பூச ஒரு கருவியைச் செய்தார். அதை வாங்கி மேம்படுத்தி விற்றவர் லிபர்ட்டி வாக்கப். காற்றும் வண்ணமும் கருவியின் முனைக்குள்ளேயே கலக்கும் அமைப்பை 1890-களின் தொடக்கத்தில் சார்லஸ் பர்டிக் கொண்டுவந்தார். இன்றைய ஏர்பிரஷ் பெரும்பாலும் அந்த வழிதான். டிவில்பிஸ் என்ற மருத்துவர் 1888-இல் தொண்டைக்கு மருந்து தெளிக்கச் செய்த கருவியிலிருந்து, அவர் மகன் 1907-இல் தொழிற்சாலை ஸ்பிரே கன்னை உருவாக்கினார். வேகமாகப் பாயும் காற்று நுனியில் அழுத்தத்தைக் குறைத்து வண்ணத்தை இழுக்கிறது, இழுத்ததைப் பொடித்துளியாகச் சிதறடிக்கிறது. கார் கதவுக்கும் கன்னத்துக்கும் வேலை செய்வது இதே விதிதான்.

ஏர்பிரஷ்ஷின் முதல் வாழ்க்கை போட்டோ ஸ்டூடியோக்களில் கழிந்தது. பெரிதாக்கிய படத்தில் நிழலை மென்மையாக்கவும் பின்னணியை மறைக்கவும் அது உதவிற்று. உடம்பின் மேல் பெரிய அளவில் பயன்பட்டதற்கு, 1925-இல் வெளிவந்த ‘பென்-ஹர்’ படத்தில் கூட்டம் கூட்டமாக நின்ற துணை நடிகர்களுக்கு நிறம் அடித்ததை ஒப்பனைத் துறையினர் முதல் சான்றாகச் சொல்வதுண்டு. ஜெமினியில் ஆபீஸ்பாய் செய்த அதே வேலை. அடித்து முடிக்கும் வேகத்துக்காக உடம்புக்கு வந்த கருவி முகத்தின் நுண்வேலைக்கு மாற இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தமிழ்த் திரையில் அதற்கான தேவையைச் செயற்கைத் தோல் உண்டாக்கியது. 1996-இல் வெளிவந்த ‘இந்தியன்’, ‘அவ்வை சண்முகி’ படங்களுக்கும் 2008-இல் வந்த ‘தசாவதாரம்’ படத்துக்கும் கமல்ஹாசனின் முகத்தை மாற்றியவர் ஹாலிவுட் ஒப்பனையாளர் மைக்கேல் வெஸ்ட்மோர். முகத்தில் ஒட்டிய நுரைத்துண்டு ஒரே நிறத்தில் இருந்தால் ரப்பர் என்று காட்டிக்கொடுத்துவிடும். உண்மைத் தோலில் கீழே நீல நரம்பும் மேலே சிவப்பும் அதன் மேல் பழுப்பும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. அந்த அடுக்குகளைத் தொடாமல் தெளிக்க ஏர்பிரஷ்ஷைப் போல் வசதியான கருவி வேறு இல்லை. பிலிம் போய் டிஜிட்டல் கேமரா வந்ததும் நெருக்கக் காட்சியில் கனமான பூச்சு திட்டுத்திட்டாகத் தெரியத் தொடங்கியது. படப்பிடிப்பும் மேற்கே நகர்ந்தது. பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கத்தில் உள்ள ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் பெரிய அரங்குகள் எழுந்தன. 2017-இல் தொடங்கிய தமிழ் ‘பிக் பாஸ்’ வீடும் அங்கேதான் அமைந்தது.

ஆனால் இந்த வட்டாரத்தில் ஏர்பிரஷ்ஷைப் பரப்பியது சினிமா அல்ல, கல்யாணம். இதற்குப் பின்னால் ஓர் அநியாயமும் இருக்கிறது. இந்தியத் திரையுலகில் பல பத்தாண்டுகள் பெண்கள் தலைமுடி அலங்காரம் மட்டும்தான் செய்யலாம், முகத்தைத் தொடுவது ஆண்களின் வேலை என்ற நிலை இருந்தது. ஒப்பனைக் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 நவம்பர் 10 அன்று, பெண்களை இப்படித் தடுத்த மும்பை ஒப்பனையாளர் சங்கத்தின் விதியைச் செல்லாது என்றது. திரை மூடிக்கிடந்த காலமெல்லாம் கை தேர்ந்த பெண்களுக்கு அழகு நிலையமும் மணப்பெண் அலங்காரமுமே களமாயின. இந்தத் தொழிலை வீடு வீடாகக் கொண்டுபோய் வளர்த்ததும் அவர்கள்தான்.

ஒரு காலத்தில் மணப்பெண்ணுக்குச் சித்தியும் அத்தையும் தலை பின்னி, பூ தைத்து, ராக்கொடியும் நெத்திச்சுட்டியும் வைத்து, பவுடர் பூசி, மை தீட்டினால் அலங்காரம் முடிந்தது. வீட்டு வாசல் பந்தல் மண்டபத்துக்கு இடம் மாறியபோது எல்லாம் மாறியது. மதுரவாயல், வானகரம், வேலப்பன்சாவடி வழியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாகப் பெரிய மண்டபங்கள் எழுந்தன. முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் அதிகாலை முகூர்த்தம் என்ற ஒழுங்கு நிலைத்தது. வீடியோ விளக்கு வந்தது, பிறகு மேடையில் இருப்பவரின் முகத்தை அதே நேரத்தில் பல அடி உயரத்துக்குக் காட்டும் எல்.இ.டி. திரையும் வந்தது. கூத்தில் கடைசி வரிசைக்குத் தெரிவதற்காகப் பூசினார்கள். இங்கே கடைசி வரிசைக்காரரும் மணப்பெண்ணின் கன்னத்து மயிர்க்கால் வரை பார்க்கிறார். பஞ்சுத் தடமோ தூரிகைக் கோடோ தெரியாத பூச்சுக்கு விலை கூடியது இதனால்தான்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் பார்க்க வேண்டியது ஊசியின் பருமன். 0.2 மில்லிமீட்டர் ஊசி மயிரிழைக் கோடு போடும். ஆனால் மேக்கப் திரவத்தில் நிறமித்துகள் அதிகம். சித்திரை வெயிலில் நுனியிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். முகத்து அடிப்பூச்சுக்கும் மூக்கோர நிழலுக்கும் கன்னச் சிவப்புக்கும் 0.3 அல்லது 0.35 போதும். கழுத்து, கை, முதுகு என்று பரந்த இடத்துக்கு 0.5. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 0.3 வாங்குவதே புத்திசாலித்தனம்; நுனி மெலிந்த கருவியை வாங்கிவிட்டு முகூர்த்த நேரத்தில் அடைப்பு எடுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இரண்டாவது, விசை. ஒற்றைச் செயல் கருவியில் அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வரும். அளவை முன்கூட்டியே திருகி வைத்துக்கொள்ள வேண்டும். இரட்டைச் செயல் கருவியில் விசையை அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் வண்ணம். இழுப்பு கூடக்கூடக் கோடு தடிக்கும். நுண்வேலைக்கு இதுவே சரி, விரல் பழகச் சில வாரங்கள் பிடித்தாலும். வண்ணக் கிண்ணம் மேலே இருப்பது நல்லது. சொட்டுகள் தாமாகவே இறங்குவதால் குறைந்த காற்றழுத்தம் போதும், ஒரு முகத்துக்குச் சில சொட்டுகளைக் கலந்து முடித்துவிடலாம். கீழே புட்டி தொங்கும் வகை, நிறையத் திரவம் வேண்டிய உடல்வேலைக்கு ஏற்றது.

காற்றழுத்தத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பொம்மை, பைக் டாங்க் என்று வண்ணம் அடிப்பவர்கள் 20 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை போவார்கள். முகத்துக்கு அது கூடாது. 6 முதல் 12 போதும், கண்ணோரம் இன்னும் குறைய வேண்டும். அழுத்தத்தைத் திருகிக் குறைக்க முடியாத கம்ப்ரசர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் முகத்துக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் குழாய்க்குள் ஈரம் திரண்டு, கன்னத்தில் ஒரு நீர்த்துளியாகத் தெறிக்கும். ஈரம் பிடிக்கும் வடிகட்டி சென்னைக் காற்றுக்குக் கட்டாயம் வேண்டும்.

திரவம் கருவியோடு பொருந்த வேண்டும். நீர் அடிப்படையிலானது லேசானது, ஆனால் வியர்வைக்குத் தாங்காது. சிலிக்கோன் அடிப்படையிலானது ஓமப்புகைக்கும் மேடை விளக்கின் சூட்டுக்கும் ஓரளவு நிற்கும். மணப்பெண் அலங்காரத்தில் பெரிதும் புழங்குவது அதுதான். ஆல்கஹால் அடிப்படையிலானது செயற்கைத் தோலுக்கும் தற்காலிக டாட்டூவுக்கும் உரியது. கண் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இத்தகைய திரவங்களும் அவற்றைக் கழுவும் கரைப்பான்களும் ரப்பர் வளையங்களை ஊதவைத்துவிடும் என்பதால், டெஃப்லான் வளையம் போட்ட கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். உதிரி ஊசியும் முனையும் உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது. கீழே ஒரு முறை விழுந்தால் ஊசி வளையும். வளைந்த ஊசி ஒரு பக்கமாகவே தெளிக்கும்.

நிறத்தில் காட்ட வேண்டிய கவனம் கருவியில் காட்டுவதைவிட முக்கியம். வெளிநாட்டு நிறவரிசையில் நம் மாநிறத்துக்கு நேராகப் பொருந்துவது குறைவு. இரண்டு மூன்று புட்டிகளைக் கலந்துதான் எடுக்க வேண்டும். நலங்கில் பூசிய மஞ்சள் தோலில் சற்றுத் தங்கியிருக்கும் என்பதால், ஒரு வாரம் முன்பு கலந்து பார்த்த நிறம் முகூர்த்தத்தன்று ஒட்டாமல் போகலாம். கலந்ததைத் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரலகலம் தெளித்துப் பகல் வெளிச்சத்திலோ வெள்ளை விளக்கிலோ பார்ப்பது வழக்கம். முகத்தை மட்டும் நாலு படி வெளுப்பாக்கிக் கழுத்தை விட்டுவிடுவது இந்தத் தொழிலின் பழைய கெட்ட பழக்கம். நுண்துளியாகத் தெளிப்பதால் மட்டும் அது நல்ல ஒப்பனை ஆகிவிடாது.

தெளிக்கும்போது அடிப்பூச்சுக்குக் கருவி முகத்திலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும். நிழலுக்கும் புருவ ஓரத்துக்கும் சில சென்டிமீட்டர் அருகே வரும். கண்ணை மூடி மூச்சை ஒரு கணம் நிறுத்தச் சொல்லி, கையை ஓட்டிக்கொண்டே அடித்து, ஓடும்போதே விசையை விட வேண்டும். நின்ற இடத்தில் விட்டால் புள்ளி விழும். காற்றை முதலில் திறந்து வண்ணத்தைப் பிறகு திறப்பதும், மூடும்போது வண்ணத்தை முதலில் நிறுத்துவதும் அம்பத்தூர் பட்டறையில் ஸ்பிரே கன் பிடித்தவருக்குப் பழக்கமான பாடம். இமைக்கோடும் உதடும் கண்மையும் இன்றும் தூரிகைக்கும் பென்சிலுக்கும் உரியவை. தாலி கட்டும் நேரத்துக் கண்ணீரைத் துடைக்கக் கூடாது, டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் அந்த இடத்தை மறுபடி தெளித்துச் சேர்ப்பது கடினம்.

அதிகாலை 3 மணிக்குத் தொடங்கும் வேலையில் மணப்பெண்ணுக்குப் பிறகு தங்கை, அம்மா, நாத்தனார் என்று முகங்கள் வரிசையாக வரும். ஒரு நிறத்திலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் கரைப்பானைக் கிண்ணத்தில் ஊற்றி, வண்ணம் இல்லாமல் தெளிவாக வரும் வரை துணியில் அடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஊசியைப் பின்பக்கமாக உருவி, நுனியை நோக்கித் துடைத்து, முனையை நுண்தூரிகையால் கழுவி உலர்த்தி வைத்தால்தான் அடுத்த முகூர்த்தத்துக்குக் கருவி தயார்.