காதுக்கு வைத்த பரீட்சை

1916-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 28-ஆம் தேதி நியூயார்க் நகரத்தின் கார்னீஜி மண்டபத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. மேடையில் மேரி ராப்போல்ட் என்னும் பிரபல ஆப்பெராப் பாடகி நின்றார். அவருக்குப் பக்கத்தில் மர பீரோவைப் போல் ஒரு பெட்டி நின்றது. அம்மாள் பாடுவார். பாடிக்கொண்டிருக்கும்போதே வாயை மூடிக்கொள்வார். ஆனால் பாட்டு நிற்காது. அதே குரல் பெட்டியிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்! எடிஸன் கம்பெனியார் புதிய ஃபோனோகிராஃபை விற்பதற்காகக் கண்டுபிடித்த வித்தை இது. 'நாதப் பரீட்சை' என்று அதற்குப் பெயர் வைத்து, 1915 முதல் 1925 வரையில் ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் நடத்தினார்கள். பல இடங்களில் விளக்கையும் அணைத்துவிடுவது வழக்கம். விளக்கு மறுபடி எரியும்போது மேடையில் பாடகி இருக்க மாட்டார். பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருக்கும். எந்த நிமிஷத்தில் அம்மாள் போனார், எந்த நிமிஷத்தில் பெட்டி பாட ஆரம்பித்தது என்று சொல்ல முடியாமல் சபையோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

அந்தக் காலத்து இசைத்தட்டை இன்று போட்டுக் கேட்டால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். அடுப்பில் அப்பளம் பொரிவது போல் ஒரு சத்தம்; அதற்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல் ஒரு குரல். இதையும் மனுஷியின் குரலையும் பிரித்தறிய முடியாமல் அத்தனை பேர் ஏமாந்தார்கள் என்றால், அவர்களுக்குக் காது கேட்கவில்லையா? நன்றாகவே கேட்டது. பிறகு ஏன் ஏமாந்தார்கள்? அதற்கு ஒரு ரகசியம் உண்டு. இந்தப் பரீட்சைகளில் பாடிய ஆன்னா கேஸ் என்ற மற்றொரு பாடகி, வெகு காலம் கழித்து, வயது முதிர்ந்த பிறகு அதை வெளியிட்டார். பெட்டியின் ஒலி எவ்வளவோ அவ்வளவுக்குத் தம் குரலை அடக்கிக்கொண்டுதான் பாடினாராம். அதாவது இயந்திரம் மனுஷியைப் போல் பாடவில்லை. மனுஷிதான் இயந்திரத்தைப் போல் பாடியிருக்கிறார்!

இந்தப் பழங்கதையை நான் தேடிப் படிப்பதற்குக் காரணமாயிருந்தது விருதுநகர்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் வேறொரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

நம் கரிசல் சீமைக்குக் கல்கத்தாவிலிருந்து இரண்டு சரக்குகள் வந்தன. ஒன்று இசைத்தட்டு. 1902-ஆம் வருஷத்தில் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்ற வெள்ளைக்காரர் ஒலிப்பதிவுச் சாதனங்களுடன் கல்கத்தாவில் வந்து இறங்கினார். கௌஹர் ஜான் என்ற பாடகி அவருடைய கூம்புக்குள் முகத்தைக் கொடுத்துப் பாடினார். மைக் என்பது அப்போது ஒலிப்பதிவுக்கு வரவில்லை. குரலின் வேகமே ஊசியை அசைத்து மெழுகைக் கீற வேண்டும். ஒரு தட்டில் மூன்று நிமிஷம் அடங்கும். ராகத்தை ஒரு மணி நேரம் விஸ்தரிக்கும் வித்வான்களும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் மூட்டையைக் கட்டிவிட வேண்டியதுதான். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்வார். பதிவான தட்டு வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் போகுமல்லவா? அங்கே பெயர் மாறிப் போகாமலிருக்க இந்த ஏற்பாடு. 1908-ல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை ஏற்பட்டது. அதற்குப் பிறகு தேசமெங்கும் தட்டுக்கள் பரவின. தமிழ்நாட்டுக் காப்பிக் கிளப்புகளும் கல்யாணப் பந்தல்களும் பாட ஆரம்பித்தன.

மற்றொரு சரக்கு தீக்குச்சி. 1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழையில்லாத ஊர், விளையாத பூமி என்று எதைச் சொல்லி அழுதோமோ, அதுவே இந்தத் தொழிலுக்கு வரப்பிரசாதமாயிற்று. குச்சியும் மருந்தும் காய்வதற்கு அந்த வெயிலைப் போல் உண்டா? தீப்பெட்டிக்குப் பின்னால் மத்தாப்பு வந்தது; மத்தாப்புக்குப் பின்னால் பட்டாசு வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் வெளிநாட்டுச் சரக்கு நின்றதும் சிவகாசிச் சரக்கு தேசமெங்கும் போயிற்று. இந்தியாவின் தீபாவளிச் சத்தத்தில் பெரும் பகுதி இன்றைக்கும் இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது.

இசைத்தட்டு செய்த உபகாரத்துக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டுமானால், செங்கோட்டை கிட்டப்பாவைச் சொல்லலாம். நாடக மேடையில் அவர் எடுத்த உச்ச ஸ்தாயிக்காகவே ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். 1933-ல், இருபத்தேழாவது வயதில், அவர் காலமாகிவிட்டார். தட்டு என்ற ஒன்று இல்லாதிருந்தால் அந்தக் குரல் பாட்டனார்கள் சொல்லும் கதையாகப் போயிருக்கும். அடுத்த தலைமுறை நம்பியிருக்கக்கூட மாட்டாது.

இப்போது விருதுநகருக்கு வருவோம். அங்கே மிளகாயும் பருப்பும் எண்ணெயும் வியாபாரம் செய்யும் மண்டிக்கார நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. சங்கீதப் பித்து உள்ளவர். சிவகாசி போகும் சாலையில், ஊருக்கு வெளியே வீடு. பெரிய பட்டணத்திலிருந்து ஒரு வியாபாரி உயர்ந்த ரகப் பாட்டுச் சாதனம் கொண்டுவருகிறார், கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்று அழைத்திருந்தார். விலையை விசாரித்தேன். ஒரு மோட்டார் கார் வாங்கிவிட்டு, மிச்சத்தில் பெட்ரோலும் போட்டுக்கொள்ளலாம்!

ஹாலில் ஜமக்காளம் விரித்து, ஜன்னல்களுக்குத் திரை போட்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகள். நடுவே வால்வுகள் செந்நிறமாக எரியும் ஒரு பெட்டி. ஓரத்தில் தட்டுச் சுழலும் மேடை. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே ஒரு நாற்காலி. ஒலிபெருக்கிகள் இரண்டும் நாற்காலியும் முக்கோணத்தின் மூன்று முனைகளாக இருக்க வேண்டுமாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கே ஸ்டீரியோவின் முழுச் சுகமும் கிடைக்கும். மற்றவர்களுக்குக் கோயில் வாசலில் நின்று சேவித்த புண்ணியம்தான்.

சும்மா சொல்லக் கூடாது, ஒலி அற்புதமாக இருந்தது. வீணையின் தந்தியில் விரல் உரசுவது கேட்டது. பாடகர் மூச்சு வாங்கும் இடம் கேட்டது. பிறகு வியாபாரி ஒரு கம்பியை எடுத்து, "இது சாதாரணக் கம்பி, இப்போது உயர்ந்த கம்பியைப் போடுகிறேன்" என்றார். போட்டார். இரண்டாந்தரம் பாட்டு நிச்சயமாக நன்றாயிருந்தது. ஆனால் அவருடைய விரல், கம்பியை மாற்றிய பிறகு, ஒலியைக் கூட்டும் குமிழைத் தொட்டதை நான் பார்த்துவிட்டேன். ஒரே பாட்டைக் கொஞ்சமே கொஞ்சம் உரக்க வைத்தால், அது உரக்க இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றும். காதின் இந்தப் பலவீனம் ஒலி விஞ்ஞானிகள் நன்கு அறிந்தது. "இரண்டு தரமும் ஒரே அளவில் வைத்துக் காட்டுங்களேன்" என்றேன். வைத்தார். வித்தியாசம் எங்கேயோ போய்விட்டது. நண்பர் கம்பியை வாங்கவில்லை.

எடிஸன் கம்பெனிக்குப் பிறகும் இந்த மாதிரிப் பரீட்சைகள் நின்றுவிடவில்லை. 1925-ல் மைக்கும் மின்சார ஒலிப்பதிவும் வந்தன. அதற்கு முன்பு விநாடிக்குச் சுமார் 250 முதல் 2,500 வரை அதிர்வுள்ள ஒலிகளே தட்டில் ஏறும். மிருதங்கத்தின் தொப்பியும் தாளத்தின் கிண்கிணியும் வெளியே நிற்கும். மின்சாரம் வந்ததும், "இனி மேலே ஒன்றும் இல்லை" என்றார்கள். 1933 ஏப்ரலில் பிலடெல்ஃபியாவில் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, அதை மூன்று தனித்தனித் தந்திகளில் வாஷிங்டன் மண்டபத்துக்கு அனுப்பினார்கள். ஸ்டொகோவ்ஸ்கி வாஷிங்டனில் உட்கார்ந்து குமிழ்களைத் திருகினார். அப்போதும், "இதுவே முடிவு" என்றார்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில் கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர், நேரில் வாசிப்பதையும் பதிவில் வாசிப்பதையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார். இந்த மனிதர் யார் தெரியுமா? ஜவுளி வியாபாரி! 1932-ல் தம் வீட்டு நிலவறையில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கியவர். சங்கீதப் பித்து மண்டிக்காரர்களைப் பிடிப்பது விருதுநகரில் மட்டும் நடக்கும் காரியமல்ல என்று கண்டு எனக்கு வெகு திருப்தி. பிறகு ஸ்டீரியோத் தட்டும், 1982-ல் சிறிய வெள்ளித் தட்டும் வந்தன. ஒவ்வொரு தரமும் இயந்திரம் பரீட்சையில் தேறியது. ஒவ்வொரு தரமும் பத்து வருஷம் கழித்து, "அதையா அப்படிக் கொண்டாடினோம்?" என்று காது வெட்கப்பட்டது.

விருதுநகரில் அன்று கடைசியாக ஒரு மேளத் தட்டைப் போட்டார்கள். பெட்டியின் பெருமையே தாழ்ந்த ஒலியில்தான் இருக்கிறது என்று வியாபாரி சொல்லி முடிப்பதற்குள், 'தும்' என்று ஓர் ஒலி எழுந்தது. தரை அதிர்ந்தது. நாங்கள் எல்லோரும் "ஆஹா!" என்றோம். ஆனால் நண்பரின் தாயார், எழுபது வயது அம்மாள், மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தவர், சட்டென்று எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினார்; மேற்கே பார்த்தார். ஆமத்தூர் பக்கம், அதற்கப்பால் சிவகாசி. சற்று நேரம் வானத்தையே பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பெட்டியிலேதான்ம்மா சத்தம்" என்றார் நண்பர்.

"பெட்டியோ என்னமோ! பாத்துக்கிட்டா நல்லதுதானே?" என்றார் அம்மாள்.

அவருடைய தங்கை குடும்பம் சிவகாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் விபத்து நடந்தபோது, நாற்பது பேர் வரை மாண்டார்கள். அன்றைக்கு அம்மாள் தங்கை வீட்டில்தான் இருந்தாராம். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "ஏம்மா, அந்தப் பக்கம் சரக்கை வெடித்துப் பார்ப்பார்களே, அந்தச் சத்தமும் தினம் கேட்குமே? எது எது என்று எப்படித் தெரியும்?"

"வெடிச்சுப் பாக்குற சத்தம் அதோட முடிஞ்சு போயிரும், தம்பி. மத்தது அப்படியில்லே. சத்தம் வந்தப்புறம் ஊரே மூச்சுவிடாம நிக்கும். காக்காகூடக் கத்தாது. அந்த அமைதியிலேதான் தெரிஞ்சுபோகும்."

அவ்வளவு பெரிய விலைப் பெட்டிக்கு முன்னால், கம்பிக்கும் கம்பிக்கும் வித்தியாசம் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஓர் ஓசையைக் கேட்டு, அது வந்த திசையை அறிந்து, அதற்குப் பின்னால் வரும் நிசப்தத்தையும் கேட்டுப் பொருள் சொல்கிற காது அது. அந்தக் காதுக்கு யாரும் பரீட்சை வைத்ததில்லை. அந்த வட்டாரத்தின் ஒவ்வொரு கிராமத்திலும் அப்படிப்பட்ட காதுகள் இருக்கின்றன. அவற்றைப் பயிற்றுவித்தது சங்கீதம் அல்ல, பயம்.

சர்க்காரும் ஓசையை அளந்திருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் போடும் பட்டாசைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று 1999-ல் சட்டம் செய்தார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தவெடி கூடாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெசிபல் கணக்கு சாதாரணக் கணக்கல்ல. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல். அதற்கும் 125-க்கும் உள்ள தூரம் ஆற்றல் கணக்கில் ஏறக்குறைய முப்பது லட்சம் மடங்கு! நம் உட்காதில் இருக்கும் மயிரிழை போன்ற நுண் உறுப்புக்கள் சுமார் 15,000 மட்டுமே. உரத்த சத்தத்தில் அவை மடிந்தால், தலைமயிரைப் போல் மறுபடி முளைப்பதில்லை. பழைய ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாம். அந்த வியாபாரம் காதுக்கு இல்லை.

பட்டாசே வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கரிசல் மண்ணில் எத்தனையோ அடுப்புக்கள் அந்தத் தொழிலால்தான் எரிகின்றன. பாட்டுப் பெட்டி வாங்குகிறவர்களையும் நான் பரிகாசம் செய்யவில்லை. நல்ல ஒலியைத் தேடுவது நல்ல ஆசைதான். என் வேண்டுகோள் இரண்டே. பெட்டி வாங்கப் போகிறவர்கள், இரண்டு தரமும் ஒரே அளவில் ஒலிக்க வைத்துக் கேளுங்கள். முடிந்தால் கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள். தீபாவளியன்று ஒரு சரத்தைக் கொளுத்தப் போகிறவர்கள், அது வெடித்து ஓய்ந்ததும் ஒரு நிமிஷம் சும்மா நின்று அந்த அமைதியையும் கேளுங்கள். அந்தச் சரத்தை உருட்டிக் கட்டிய கைகளுக்கு உரியவர்கள், வருஷம் முழுவதும் அந்த அமைதி எப்படிப்பட்டது என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் வாழ்கிறார்கள்.