போருக்கு அளந்த நிலம்

1783 ஜூன் மாதம். கடலூர்க் கோட்டைக்காகப் பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் கடுமையாக மோதிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் அணியில் நின்று சுட்டவர்களில் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒரு கூட்டமும் உண்டு. ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து கப்பலேறிச் சென்னையில் வந்திறங்கிய இரண்டு ரெஜிமெண்டுகள் அவை. லண்டனில் ஆண்ட மூன்றாம் ஜார்ஜ்தான் ஹனோவருக்கும் அதிபதி. 1714 முதல் 1837 வரை அந்த இரண்டு நாடுகளும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. அதனால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆள் பற்றாக்குறை வந்தபோது ஹனோவர்க்காரர்களைக் கூலிக்கு அமர்த்த முடிந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர்கள் தமிழ்நாட்டு வெயிலில் காய்ந்தார்கள்.

அவர்களுடைய ஊரில் அந்த ஆண்டுகளில் வேறு சில ராணுவத்தினர் துப்பாக்கி இல்லாமல் வயல் வரப்புகளில் நடந்துகொண்டிருந்தார்கள். கையில் அளவுச் சங்கிலி, முக்காலியில் வைத்த சமதள மேசை, மேசைமேல் ஒட்டிய காகிதம். ஹனோவர் பொறியாளர் படைப்பிரிவின் அதிகாரிகள் தங்கள் நாட்டை முழுவதுமாக அளந்து தீட்டிய அந்த வேலை 1764இல் தொடங்கி 1786இல் முடிந்தது. ராணுவப் பொறியியல் என்றதும் கோட்டை, பாலம், சுரங்கம் என்றுதான் மனம் ஓடும். ஹனோவரின் வரலாற்றில் ஆழமாக வேர்விட்டதோ நில அளவை. போருக்காகச் செய்த அந்த வேலை பூட்டிய பெட்டியிலிருந்து வெளியே வந்த ஒவ்வொரு முறையும் சாதாரண மக்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. பெட்டிக்குள் கிடந்த வரையில் அதனால் யாருக்கும் பெரிய லாபமில்லை.

அளக்கவேண்டிய அவசரம் எங்கிருந்து வந்தது? 1757 ஜூலையில் ஹாஸ்டன்பெக் என்ற கிராமத்தருகே பிரெஞ்சுப் படையிடம் ஹனோவர் தோற்றது. எதிரி நாட்டுக்குள் புகுந்து தங்கினான். ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்ததும், தன் நாட்டுக் காடும் சதுப்பும் ஆற்றுக்கடவும் எங்கெங்கே இருக்கின்றன என்று தனக்கே சரியாகத் தெரியாத நிலை எவ்வளவு ஆபத்தானது என்பது அரசுக்கு உறைத்திருந்தது. கூடவே கால்வாய் வெட்டும் ஆசையும் இருந்தது. அளவையை நடத்திய இருவரில் ஒருவரான யோஹான் லுட்விக் ஹோக்ரேவே இங்கிலாந்தின் கால்வாய்களை ஆராய்ந்து 1780இல் ஹனோவரில் ஒரு புத்தகமே வெளியிட்டார். மற்றவர் கியோர்க் யோசுவா டு பிளாட். ஒரே தாளில் படை நகர்வும் சரக்குப் படகும் இடம்பிடித்தன.

கையால் தீட்டி வண்ணம் பூசிய 165 தாள்கள் உருவாயின. வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் சுமார் 213 மீட்டர். ஊர்ப்பெயருக்கு அருகே அந்த ஊரில் எத்தனை அடுப்பு எரிகிறது என்ற எண்ணிக்கையையும் குறித்திருக்கிறார்கள். படை ஓரிடத்தில் முகாமிட்டால் எத்தனை வீட்டில் சிப்பாய்களைத் தங்கவைக்கலாம் என்று கணக்குப் போட அது தேவைப்பட்டது. இன்று ஒரு கிராமத்தின் பழைய மக்கள்தொகையைத் தேடும் ஆய்வாளருக்கு அந்த அடுப்புக் கணக்கு பொக்கிஷம். ஆனால் அன்று இந்தத் தாள்கள் ரகசியம். அச்சேறவில்லை. ஊர் மக்கள் கண்ணில் படவுமில்லை. 20ஆம் நூற்றாண்டில் அச்சுப்படியாக வந்த பிறகே பொதுமக்கள் கைக்கு எட்டின.

இந்தப் பொறியாளர்களை உருவாக்கிய மண்ணையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஹனோவருக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஸ்டைன்ஹூடர் ஏரி இருக்கிறது. பரப்பு பெரியது, ஆழமோ மிகக் குறைவு. அந்த ஏரியின் நடுவே, 1761 முதல் 1767 வரை, ஷாம்பர்க்-லிப்பெ பிரபு வில்ஹெல்ம் ஒரு செயற்கைத் தீவையே எழுப்பினார். மீனவர்கள் படகு படகாகக் கல்லைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். தீவின்மேல் வில்ஹெல்ம்ஸ்டைன் கோட்டை எழுந்தது, கோட்டைக்குள் ஒரு பள்ளிக்கூடம். பீரங்கிக் கலை, கணிதம், கோட்டைக் கட்டுமானம் மூன்றும் அங்கே பாடங்கள். நீருக்கடியில் செல்லும் மீன் வடிவக் கலம் ஒன்றுக்கும் அங்கே திட்டம் தீட்டினார்கள்.

1773இல் அந்தப் பள்ளியில் சேர்ந்தார் கெர்ஹார்ட் ஷார்ன்ஹார்ஸ்ட். ஹனோவருக்கு அருகிலுள்ள போர்டனாவில் பிறந்தவர், உயர்குடிப் பிறப்பு இல்லாதவர். பிறப்பைவிடப் படிப்பு பெரிது என்ற பாடத்தை அந்தத் தீவுப் பள்ளி அவருக்குக் கொடுத்தது. 1778இல் ஹனோவர் படையில் சேர்ந்து, பின்னர் அங்கேயே பீரங்கிப் பள்ளியில் ஆசிரியரானார். 1801இல் பிரஷ்யாவுக்குப் போய் அந்தப் படையையே சீர்திருத்தினார். படித்த அதிகாரி என்ற எண்ணம் ஐரோப்பியப் படைகளில் வேரூன்றியதில் அந்தச் சின்னஞ்சிறு தீவுக்குப் பங்குண்டு.

1803இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எபெய் என்ற பொறியாளர் அதிகாரியை வைத்து ஹனோவரைத் தாங்களே முக்கோண முறையில் அளக்கத் தொடங்கினார்கள். பிடித்த நாட்டை முதலில் அளப்பது அந்தக் காலத்து வழக்கம்.

இந்த வழக்கத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. 1799இல் திப்பு வீழ்ந்ததும் தெற்கை ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை அளக்கவேண்டும் என்று மனு கொடுத்தவர் வில்லியம் லாம்டன் என்ற காலாட்படை அதிகாரி. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலியை நீட்டி ஏழரை மைல் அடித்தளக் கோட்டை அளக்கத் தொடங்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில்மேல் அவருடைய அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. ஆட்களை அனுப்பிவிட்டு அவரே பல வாரம் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். ஹனோவரில் கணித மேதை கார்ல் ஃபிரெடெரிக் கௌஸ் களத்தில் இறங்கியது இதற்கெல்லாம் பின்பு, 1821இல்.

நெப்போலியன் போய், ஹனோவர் முடியரசாகிவிட்டிருந்த காலம். டென்மார்க்குக்காக வடக்கே அளந்துகொண்டிருந்த ஷூமாக்கர், அந்த முக்கோணச் சங்கிலியைத் தெற்கே நீட்டும்படி நண்பர் கௌஸைக் கேட்டார். 1820இல் அரசாணை வந்தது. கருவிகளைத் தூக்கவும் தொலைவில் நின்று சைகை காட்டவும் பீரங்கிப் படையின் அதிகாரிகளும் சிப்பாய்களும் கிடைத்தார்கள். கேப்டன் முல்லர், லெப்டினன்ட் ஹார்ட்மன், அவர்களோடு கௌஸின் மூத்த மகன் யோசெஃப். அவரும் படை அதிகாரியே.

மலைகள் இருக்கும் தெற்கில் வேலை நன்றாகவே போனது. ப்ரோக்கன், ஹோஹர் ஹாகன், இன்செல்ஸ்பெர்க் என்ற மூன்று சிகரங்களை இணைத்த முக்கோணத்தின் ஒரு பக்கம் மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தொலைவில் இருக்கும் குறியை எப்படிப் பார்ப்பது? லூனபர்க்கில் நின்று பார்த்தபோது ஹாம்பர்க் தேவாலயக் கோபுரத்து ஜன்னல் கண்ணாடி வெயிலில் மின்னியது கௌஸின் நினைவில் இருந்தது. அந்த மினுக்கத்தையே அவர் கருவியாக்கினார். சூரிய ஒளியைச் சிறு கண்ணாடியால் துல்லியமாக எதிர்ப்புள்ளிக்குத் திருப்பும் ஹெலியோட்ரோப் பிறந்தது. உள்ளங்கையளவு கண்ணாடி பகலிலேயே நட்சத்திரம்போலத் தெரிந்தது.

வடக்கே லூனபர்க் புதர்வெளிப் பகுதி அவரைப் பாடாய்ப் படுத்தியது. நிலம் பெரும்பாலும் தட்டை, எங்கு பார்த்தாலும் மரம். ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்று தெரிய வேண்டுமானால் காட்டுக்குள் நேர்கோட்டில் மரங்களை வெட்டித் திறக்கவேண்டும். எந்தத் திசையில் வெட்டுவது என்று மரம் விழுமுன்னே கணக்குப் போட்டாக வேண்டும். கணக்கு தப்பினால் வெட்டியது வீண். உலகின் தலைசிறந்த கணித மூளை கோடைதோறும் வெக்கையில் வண்டியில் குலுங்கிக்கொண்டு இதைச் செய்ததே என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. அந்த அங்கலாய்ப்பில் நியாயமில்லை. வளைந்த பரப்புகளைப் பற்றி 1827இல் அவர் எழுதிய மகத்தான ஆய்வு இந்த அலைச்சலோடு பின்னிப் பிணைந்தது. வளைந்த பூமியைத் தட்டைத் தாளில் கோணம் கெடாமல் விரிக்கும் முறையையும் இந்த வேலைக்காகவே அவர் வகுத்தார். லூயி க்ரூகர் 1912இல் அதை விரிவாக்கினார். ஜெர்மானிய வரைபடங்கள் பல பதிற்றாண்டுகள் கௌஸ்-க்ரூகர் ஆயங்களிலேயே ஓடின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் உலகம் முழுவதற்கும் வகுத்துக்கொண்ட வரைபடக் கட்டத்துக்கும் அதே கணிதம்தான் அடிப்படை. 2005க்குப் பின் இந்திய சர்வே துறை பொதுமக்களுக்கு வெளியிட்ட வரைபடங்களும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன.

1828 முதல் 1844 வரை அதிகாரிகள் களத்தில் அளந்தார்கள், கௌஸ் கோட்டிங்கனில் உட்கார்ந்து கணக்கிட்டார். இந்தப் புள்ளிகளை எலும்புக்கூடாக வைத்து, பொறியாளர் அதிகாரி ஆகஸ்ட் பாப்பன் 1832 முதல் 1847 வரை ஹனோவர் முழுவதையும் ஒரு லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அட்லஸாக அச்சிட்டார். முந்தைய தலைமுறையின் 165 தாளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு துல்லியம் மட்டுமல்ல; பாப்பனின் அட்லஸைக் காசு கொடுத்து வாங்க முடிந்தது.

அந்தக் காலமே ரயில் காலம். ஹனோவரிலிருந்து லேர்ட்டெவுக்கு முதல் ரயில் 1843 அக்டோபர் 22 அன்று ஓடியது. யோசெஃப் கௌஸ் 1836இல் அமெரிக்காவுக்குப் போய் ரயில்பாதைகளைப் பார்த்து வந்தவர். பீரங்கிப் படையிலிருந்து விலகி ஹனோவர் ரயில்வே நிர்வாகத்தில் உயர்பதவிக்கு வந்தார். தந்தையோடு முக்கோணம் அளந்தவர் பிறகு தண்டவாளத்துக்கு மட்டம் பார்த்தார். முல்லைப் பெரியாற்றில் அணை கட்டிய பென்னிகுயிக் ராணுவப் பொறியாளர் என்பது தேனி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவருக்கு அங்கே இருக்கும் மரியாதையில் ஒரு துளியாவது யோசெஃப் கௌஸுக்குக் கிடைத்திருக்கவேண்டும்.

போரிலிருந்து பொதுப்பயனுக்கு வந்த இந்தப் பயணம் எதிர்த்திசையிலும் நடந்தது. அதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது. எகெஸ்டார்ஃப் என்ற தொழிலதிபரின் பட்டறை 1846இல் தன் முதல் ரயில் எஞ்சினைச் செய்தது. அந்தப் பட்டறையே பின்னாளில் ஹனோமாக் என்று பெயர்பெற்று, ஹிட்லரின் படைக்குக் கவச வண்டிகளை வார்த்தது. ஹனோவரின் ஸ்டோக்கன் பகுதியில் எழுந்த ஆலை நீர்மூழ்கிகளுக்கு பேட்டரி செய்தது. 1943 முதல் அங்கே நொயெங்காம வதைமுகாமின் கிளை ஒன்று இயங்கியது. கைதிகள் ஈயப் புகையில் வேலை செய்து செத்தார்கள். கான்டினென்டல் ஆலையில் டயர் உருண்டது. இவை அனைத்தும் சேர்ந்து ஹனோவரை வான்தாக்குதலின் இலக்காக்கின.

88 தாக்குதல்கள். 1943 அக்டோபர் 8ஆம் தேதி இரவு விழுந்த குண்டுகளில் மட்டும் 1,245 பேர் இறந்தார்கள், சுமார் இரண்டரை லட்சம் பேர் வீடிழந்தார்கள். நகரின் நடுப்பகுதியில் நிமிர்ந்து நின்ற சுவர் அரிதானது. போருக்குப் பின் 1948இல் நகரக் கட்டுமானப் பொறுப்பேற்ற ருடோல்ஃப் ஹில்லெப்ரெஷ்ட் அகலச் சாலைகளோடு ஊரை மறுபடி எழுப்பினார். அந்தச் சாலைகளுக்கும் வீடுகளுக்கும் அடியில் வெடிக்காத குண்டுகள் தங்கிவிட்டன.

அவற்றில் மிக மோசமானவை தாமதமாக வெடிக்கும் ரசாயனத் திரி பொருத்தியவை. குண்டு விழும்போது உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பி உடைந்து அசிட்டோன் கசியும். அது செல்லுலாய்ட் வில்லைகளை மெல்லக் கரைக்கும். கரைந்து முடிந்ததும் ஸ்பிரிங் பிடித்து வைத்திருந்த ஊசி விடுபட்டு வெடிக்கவைக்கும். சில மணிநேரத்திலோ சில நாளிலோ, தீயணைப்போர் வந்து கூடும் நேரத்தில் வெடிக்கவேண்டும் என்பதே வடிவமைத்தவர்களின் நோக்கம். மென்மண்ணில் பாய்ந்த குண்டு பல சமயம் அடியில் திரும்பித் தலைமேலாக நின்றுவிடும். திரவம் வில்லையை எட்டாது. செல்லுலாய்ட் மட்டும் ஆண்டாண்டாக நொறுங்கிக்கொண்டிருக்கும். 2010 ஜூன் 1 அன்று, கௌஸ் வாழ்ந்த அதே கோட்டிங்கனில், இப்படியொரு குண்டு செயலிழக்கச் செய்யும் வேலை தொடங்குமுன்னே வெடித்தது. பல்லாண்டு அனுபவமுள்ள மூன்று நிபுணர்கள் இறந்தார்கள்.

குண்டு எங்கே கிடக்கிறது என்று தேடும் லோயர் சாக்ஸனி மாநிலப் பிரிவு, மாநில நில அளவைத் துறையின் கீழ் ஹனோவரிலிருந்து இயங்குகிறது. அங்கே பார்ப்பது பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் எடுத்த போர்க்காலப் படங்களை. தாக்கும் முன் இலக்கைத் தேடவும், தாக்கிய பின் சேதத்தைக் கணக்கிடவும் எடுத்தவை. அடுத்தடுத்த இரண்டு படங்கள் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்திருப்பதால், அவற்றை இரட்டை லென்ஸில் பார்த்தால் நிலம் முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். வெடித்த குண்டு அகலமான பள்ளம் விட்டுப் போகும். வெடிக்காதது சிறு துளை மட்டும் விடும். அந்தத் துளையைப் பழைய புகைப்படத்தின் மணல்மணிகளுக்கு நடுவே கண்டுபிடித்து, இன்றைய தெரு வரைபடத்தில் புள்ளி வைக்கவேண்டும். அடுத்து அங்கே துளையிட்டு, காந்தப்புல மாறுபாட்டை உணரும் கருவியை உள்ளே இறக்குவார்கள். இந்தப் படங்கள் பல்லாண்டு பிரிட்டனின் காப்பகங்களில் கிடந்தன. கீல் பல்கலைக்கழகத் தொகுப்பிலிருந்து ஜெர்மன் மாநிலங்கள் அவற்றை வாங்கத் தொடங்கியது 1985இல்தான். நாற்பதாண்டு முன்பே தந்திருந்தால் எத்தனையோ கட்டடங்கள் கவனத்தோடு எழுந்திருக்கும்.

இந்தியாவிலும் பெட்டி மெதுவாகவே திறந்தது. கடற்கரையையும் எல்லையையும் ஒட்டிய பகுதிகளின் விரிவான சர்வே தாள்கள் நெடுங்காலம் ராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தன. நாகப்பட்டினத்து வாய்க்கால் ஒன்றின் மட்டம் தெரியவேண்டிய பொறியாளரும் அனுமதிக்குக் காத்திருந்தார். 2021 பிப்ரவரியில் வெளியான புதிய நெறிமுறைகள் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி நில அளவைத் தரவைச் சேகரிக்கவும் பகிரவும் வழிவிட்டன. பரங்கிமலையில் சங்கிலி நீட்டி 219 ஆண்டு கழித்து.

2017 மே 7, ஞாயிறு. ஹனோவரின் வாரன்வால்ட் வட்டாரத்தில் ஒரு கட்டுமானத் தளத்தில் சந்தேகத்துக்குரிய புள்ளிகள் தெரிந்ததால் சுமார் 50,000 பேர் காலையிலேயே வீட்டைவிட்டு வெளியேறினார்கள். முதியோர் இல்லங்களும் காலி. வெளியே வந்தவர்களுக்காக நகராட்சி அருங்காட்சியகச் சுற்றுலாவும் குழந்தைகளுக்குத் திரைப்படமும் ஏற்பாடு செய்தது. அன்று குண்டுகள் பத்திரமாகச் செயலிழந்தன. தளத்தில் கட்டுமானம் தொடர்ந்தது. நகரில் புதிதாக அடித்தளம் தோண்டுபவர்கள் தங்கள் மனைக்கான வான்படப் பரிசோதனைக்கு அந்த அளவைத் துறையிடம் இன்றும் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.