கடுஞ்சொல்லும் ஞானமும்: லூத்தர், அசரியா – ஓர் ஒப்பாய்வு

திருச்சபைத் தலைவர்களுக்குச் சொல்லப்படும் நாவடக்க அறிவுரை பெரும்பாலும் மென்மையாகப் பேசுங்கள் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால் ஆமோசும் எரேமியாவும் தேறமாட்டார்கள். கடுஞ்சொல் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது, எவர் கைக்கு வலுச் சேர்க்கிறது, உறவு சீர்ப்பட வழிவிடுகிறதா என்ற மூன்று கேள்விகளே அதன் ஞானத்தைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். அதை இரண்டு வரலாற்று நிகழ்வுகள் வழியே ஆராயலாம்.

1525-இல் ஜெர்மானியக் குடியானவர்கள் தங்கள் கோரிக்கைகளைப் பன்னிரண்டு பிரிவுகளாக வெளியிட்டனர். தங்கள் போதகரைத் தாங்களே தெரிவுசெய்யும் உரிமை, பண்ணையடிமை முறை ஒழிப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். ஏப்ரலில் மார்ட்டின் லூத்தர் எழுதிய மறுமொழி இரு தரப்பையும் கண்டித்தது. பிரபுக்களின் சுரண்டலே கிளர்ச்சிக்குக் காரணம் என்று வெளிப்படையாகவே கூறியது. ஆனால் கலகம் பரவி வன்முறை மூண்டபின் அவர் எழுதிய அடுத்த துண்டுநூல், கிளர்ச்சியாளர்களைக் கொன்றொழிக்குமாறு ஆட்சியாளர்களைத் தூண்டியது. முந்தைய நூலோடு இணைத்து எழுதப்பட்ட அதை அச்சகத்தார் தனியே பிரித்தும் பரப்பினர். மே 15 அன்று ஃபிராங்கன்ஹவுசனில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் வெட்டி வீழ்த்தப்பட்டனர். அந்தப் படுகொலைக்கு அத்துண்டுநூல்தான் காரணம் என்று சொல்வது மிகை. பிரபுக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. எனினும் வாளேந்தியவர்களின் மனச்சாட்சிக்கு அது சமாதானம் சொன்னது. கண்டனம் எழுந்தபோதும் லூத்தர் தம் நிலைப்பாட்டை நியாயப்படுத்தியே எழுதினார்.

1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் கூடிய ஏறத்தாழ 1,200 பேராளர்களில் ஆசியர்கள் இருபதுக்கும் குறைவு. அவர்களுள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா. மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை மனமார ஏற்றுக்கொண்ட அவர், இந்திய ஊழியர்களை அவர்கள் சமமாக நடத்தாததை அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார்; பணத்துக்கும் உழைப்புக்கும் மேலாக நட்பை வேண்டினார். அவையில் பலர் மனம் புண்பட்டனர். ஆயினும் அவருடைய சொல் கதவை அடைக்கவில்லை. கேட்டவர்கள் செய்து முடிக்கக்கூடிய ஒன்றையே அது கேட்டது. 1912-இல் அசரியா தோர்னக்கல் பேராயராகி, இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். பின்னர், தென்னிந்தியத் திருச்சபைகளின் ஐக்கியத்துக்காக 1945-இல் இறக்கும்வரை உழைத்தார்.

இருவரையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். லூத்தர் எதிர்கொண்டது மெய்யான வன்முறை. 1525-இல் வைன்ஸ்பெர்க்கில் குடியானவர்கள் பிரபுக்களைக் கொன்றிருந்தனர். அவருடைய அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் ஏப்ரலில் இரு தரப்பையும் நோக்கிப் பேசிய அதே மனிதர், மே மாதத்தில் வலியவர் கையை வலுப்படுத்தினார். அசரியாவோ அதிகாரத்தில் இருந்தவர்களை நேருக்கு நேர் விளித்தார். இருவர் சொல்லும் கடுமையானதுதான். ஒருவர் சொல் எளியோர்மேல் விழுந்தது, மற்றவர் சொல் வலியோரைச் சுட்டது.

போதகர்களுக்குக் கடுமையான நியாயத்தீர்ப்பு உண்டு என்று யாக்கோபின் நிருபம் எச்சரிப்பதன் பொருத்தம் இங்கே விளங்குகிறது. பிரசங்கத்தின் ஒரு நிமிடத் துண்டு மட்டும் கைபேசிகளில் தனியே உலவும் இக்காலத்தில், லூத்தரின் அச்சகத்தார் செய்ததை எவரும் செய்ய முடியும். ஆகவே ஆயரும் போதகரும் பீடத்தில் ஏறுமுன், தம் சொல் எவர் கையில் ஆயுதமாகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எளியோரைத் தாக்க உதவும் சொல்லைத் தவிர்ப்பதும், வலியோரிடம் சொல்ல வேண்டியதை நேரில் சொல்வதும் அவர்களின் கடமை.