விண்டோஸ் 10 கணினியை மேம்படுத்துவதா, அப்படியே வைத்திருப்பதா? குடும்பங்கள் அறிய வேண்டியவை

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. அதன் பிறகு பலருடைய கணினித் திரையில் எச்சரிக்கை வருகிறது. "இந்தக் கம்ப்யூட்டர் இனி வேலை செய்யாது, புதுசு வாங்கணும்" என்று கடையில் சொல்வதைக் கேட்டு, வெளிநாட்டில் இருக்கும் அத்தாவிடமோ அண்ணனிடமோ பணம் கேட்கும் பிள்ளைகளும் உண்டு.

பயந்துபோய் உடனே புதுக் கணினி வாங்கத் தேவையில்லை. அதே சமயம், எதுவும் செய்யாமல் அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருப்பதும் சரியல்ல. எந்த வீட்டுக்கு எது பொருத்தம் என்று பார்ப்போம்.

ஆதரவு நின்றால் என்ன ஆகும்?

கணினி வழக்கம்போல் இயங்கும். கோப்புகள் அழியாது, இணையமும் வேலை செய்யும். மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் மட்டும் வராது. இயங்குதளத்தில் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க யாரும் இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2017-இல் நடந்தது ஓர் உதாரணம். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே அப்டேட் வெளியிட்டது. அதைப் போடாமல் விட்ட கணினிகளை மே மாதம் 'வான்னாகிரை' என்ற வைரஸ் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே திணறின.

ஆகவே பாடம் படிக்கவும் பயான் கேட்கவும் மட்டும் பயன்படும் கணினிக்கு ஆபத்து குறைவு. நெட் பேங்கிங், கல்வி உதவித்தொகை, பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பம் ஆகியவற்றுக்குப் பயன்படும் கணினிக்கு ஆபத்து அதிகம். ஆதார், பாஸ்போர்ட் நகல்கள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், 'டிபிஎம் 2.0' என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் வசதி, மைக்ரோசாப்ட் பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை தேவை. பெரும்பாலான பழைய கணினிகள் தோற்பது பிராசஸரில்தான்.

இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பகுதியைத் திறந்தால் பிராசஸரின் பெயர் தெரியும். 'ஐ5-8250யு' என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8 அதன் தலைமுறை. 'ஐ5-7200யு' என்றால் 7-ஆம் தலைமுறை, அது தகுதி பெறாது. தோராயமாக, 2018-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை தகுதி பெறுவதில்லை. உறுதியாக அறிய மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டிப் பாருங்கள்.

டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே கைவிட வேண்டாம். பல கணினிகளில் அந்த வசதி இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விவரம் தெரிந்தவரைக் கொண்டு அதை ஆன் செய்யலாம்.

உங்கள் முன் உள்ள நான்கு வழிகள்

1. விண்டோஸ் 11-க்கு மாறுவது: கணினி தகுதியானது, விண்டோஸ் 10 அசல் உரிமம் உள்ளது என்றால் இது இலவசம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியிலேயே செய்யலாம், யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் ரெக்கவரி பகுதியின் மூலம் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். 4 ஜிபி ராமில் விண்டோஸ் 11 மெதுவாகவே ஓடும். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் நல்லது.

2. விண்டோஸ் 10-க்குக் கூடுதல் அவகாசம் பெறுவது: வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறும் திட்டம் உள்ளது. கணினியில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாப்ட் கணக்கும் வேண்டும். விண்டோஸ் பேக்கப் மூலம் கணினி அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமித்தால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 30 டாலர் அளவிலான கட்டணம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். பிள்ளைக்குப் பொதுத்தேர்வு அல்லது நீட் நெருங்கும் நேரத்தில் கணினியைக் கலைக்க விரும்பாத வீடுகளுக்கு இது ஏற்றது. இது அவகாசம்தான், நிரந்தரத் தீர்வு அல்ல.

3. லினக்ஸுக்கு மாறுவது: தகுதி பெறாத பழைய கணினிக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உபுண்டு 24.04 பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. பிரவுசர், லிப்ரே ஆபீஸ், தமிழ்த் தட்டச்சு, வீடியோ எல்லாம் ஓடும். கணினியில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். டாலி, மைக்ரோசாப்ட் ஆபீஸ், போட்டோஷாப் அவசியம் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. பிரிண்டர் வேலை செய்கிறதா என்பதையும் முன்பே பாருங்கள்.

4. வேறு கணினி வாங்குவது: மற்ற வழிகள் பொருந்தாதபோது மட்டும். விடுமுறைக்கு வருபவர் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பயன்படுத்திய லேப்டாப் கொண்டுவருவதாக இருந்தால், பிராசஸரின் தலைமுறையை வாங்கும் முன்பே கேளுங்கள். விலை குறைவு என்று 6, 7-ஆம் தலைமுறைக் கணினியை வாங்கினால் அதே சிக்கல்தான். 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம்.

தகுதி பெறாத கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சில கடைகளில் சொல்வார்கள். அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தான் மாறுகிறோம் என்பதை மறக்க வேண்டாம். 'கிராக்' செய்த விண்டோஸையும் தவிருங்கள். அந்தக் கிராக் கோப்புகளோடு வைரஸும் சேர்ந்து வருவது சாதாரணம்.

அரசு தந்த மடிக்கணினி இருக்கிறதா?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கியது. மாநிலம் முழுவதும் 50 லட்சத்துக்கும் அதிகமானவை வழங்கப்பட்டன. அக்கா, அண்ணன் வாங்கியது இன்று தம்பி, தங்கை கையில் இருக்கும். தொடக்க ஆண்டுகளில் தரப்பட்டவை 2 ஜிபி ராம் கொண்டவை. அவற்றில் விண்டோஸ் 7-உடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது.

இவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. விண்டோஸ் 7-க்கான ஆதரவோ 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டது. 2023 முதல் கூகுள் குரோமின் புதிய பதிப்புகளும் அதில் வருவதில்லை. ராமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்தி, எடை குறைந்த லினக்ஸ் போட்டால் படிப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் உதவும். மாநிலப் பாடத்திட்டத்தின் 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலேயே விண்டோஸுடன் உபுண்டுவும் பாடமாக இருப்பதால், அந்தப் பிள்ளைகளுக்கு இது வீண் போகாது.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

- திருமணப் புகைப்படங்கள், சான்றிதழ்கள், பத்திரங்களின் நகல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்து, அது திறக்கிறதா என்று வேறொரு கணினியில் சரிபாருங்கள். கடைக்காரர் 'பார்மட்' செய்த பின் கேட்டுப் பயனில்லை.

- ஜமாஅத் பதிவேடு, மதரஸா வினாத்தாள் போன்றவற்றைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துருக் கோப்புகளையும் நகலெடுங்கள். அவை இல்லாவிட்டால் கோப்பு திறந்தும் எழுத்து படிக்க வராது.

- புதிய கணினிகளில் மைக்ரோசாப்ட் கணக்குடன் நுழையும்போது டிஸ்க் தானாகப் பூட்டப்படலாம். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். கடைக்காரரின் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கிவிட்டால், பின்னர் சாவிக்கு அவரைத் தேட வேண்டிவரும். வீட்டில் இருப்பவரின் மின்னஞ்சல், கைபேசி எண்ணையே பயன்படுத்துங்கள். சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

- பதிவிறக்கம் 4 ஜிபிக்கு மேல் வரலாம். கைபேசியின் தினசரி டேட்டா போதாது. பைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டில் செய்வது எளிது.

- மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் தொடங்காதீர்கள். பேட்டரி போன லேப்டாப், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் ஆகியவை பாதியில் நின்றால் விண்டோஸ் திறக்காமலே போகக்கூடும்.

சுருக்கமாக

கணினி தகுதியானது என்றால் நகலெடுத்துவிட்டு விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். தகுதியில்லை, ஆனால் நன்றாக ஓடுகிறது என்றால் 2026 அக்டோபர் 13 வரையிலான அவகாசத்துக்குப் பதிவு செய்து, அதற்குள் லினக்ஸா, வேறு கணினியா என்று முடிவெடுங்கள். விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கணினியில் பணப் பரிமாற்றத்தை இன்றே நிறுத்துங்கள். அதுவரை வங்கி வேலைகளை, அப்டேட் வந்துகொண்டிருக்கும் கைபேசியில் செய்யலாம்.

"உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது" என்று சொல்லி வரும் தொலைபேசி அழைப்புகளை நம்ப வேண்டாம். மைக்ரோசாப்ட் அப்படித் தானாக யாரையும் அழைப்பதில்லை. அவர்கள் சொல்லும் செயலியை நிறுவி, பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.