துவக்குக்கும் வெறுங்கைக்கும் இடையில்

கலகம் அடக்கப் படையினரை அழைப்பது இந்நாட்டில் பழைய வழக்கம். 1915 மே இறுதியில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராகத் தொடங்கிய கலவரம் பரவியபோது, ஆளுநர் சேர் றொபர்ட் சாமர்ஸ் ஜூன் 2 ஆம் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். பஞ்சாப் படையினர் துவக்கோடு தெருவில் இறங்கினர். கலவரம் அடங்கியது. அந்தச் சூடுகள் சிங்கள மக்கள் மனத்தில் விட்ட வடுவோ நெடுங்காலம் ஆறவில்லை.

சட்டம் அப்படிச் சுடச் சொல்லவில்லை. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, கூட்டத்தைக் கலைந்து போகுமாறு முதலில் கட்டளையிட வேண்டும். படையினரும் இயன்றளவு குறைந்த பலத்தையே பாவிக்க வேண்டும். ஆனால் யுத்தத்துக்குப் பழக்கி, ரி-56 துவக்கை மட்டும் கொடுத்து அனுப்பிய சிப்பாய்க்குக் ‘குறைந்த பலம்’ எது? சும்மா நிற்பது, அல்லது சுடுவது.

2011 ஆகஸ்ட், நோன்பு மாதம். கிறீஸ் பூதப் பீதி கிழக்கெங்கும் பரவியது. ஆண்கள் தராவீஹுக்குப் போனால் வீட்டில் தனித்திருக்கும் பெண்களுக்குப் பயம். துரத்தப்பட்ட மர்ம மனிதர்கள் படைமுகாம்களுக்குள் ஓடி மறைந்ததாகச் சனம் நம்பியது. வாவிக்கு வடக்கே ஓட்டமாவடியில் பொலிஸாருடன் மோதல். கிண்ணியாவில் கடற்படையுடன் மோதல். பொத்துவிலில் சூட்டில் ஒருவர் மௌத்தானார். புத்தளத்தில் கூட்டத்தின் கையில் ஒரு பொலிஸ்காரரின் உயிர் போனது. அக்காலத்தில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு மூத்தவர் சொன்னது நினைவிருக்கிறது: “ஆமிக்காரன்ட கையில துவக்கு ஒண்டுதானே இரிக்கி, அவன் வேற என்னத்தச் செய்வான்?” நியாயமான கேள்விதான்.

அம்மாத இறுதியில் அவசரகாலச் சட்டம் முடிவுக்கு வந்தது. ஆனால் 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின் கீழ்ப் படையினரை அழைக்கும் வர்த்தமானிகள் தொடர்ந்தன. 2013 ஆகஸ்ட் 1 இல் வெலிவேரியவில் சுத்தமான குடிநீர் கேட்டுத் திரண்ட மக்கள்மீது இராணுவம் சுட்டு மூவர் இறந்தனர். பாதிப்பு எந்தச் சமூகத்துக்கும் வரலாம் என்பதற்கு இது சான்று.

உயிராபத்துக் குறைந்த ஆயுதங்கள் பாதுகாப்புத் தரப்புக்கு வேண்டும் என்பதை ஐ.நா. மாநாடொன்று 1990 இல் ஹவானாவில் கோட்பாடாகவே ஏற்றுக்கொண்டது. அது கூடியது ஆகஸ்ட் இறுதியில். அதே மாதம் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நாம் ஜனாஸாக்களை அடக்கியிருந்தோம்.

கேடயம், தலைக்கவசம், நீர்த்தாரை, கண்ணீர்ப்புகை இருந்தால் சிப்பாய்க்கு இடைப்படிகள் கிடைக்கும். நான் இதை ஆதரிக்கிறேன், ஓர் எச்சரிக்கையுடன். வட அயர்லாந்தில் பிரித்தானிய இராணுவம் 1970 இல் றப்பர் தோட்டாவைக் கொண்டுவந்தது. நிலத்தில் பட்டுத் தெறிக்கும்படி சுடவேண்டியதை ஆட்கள்மீது நேரே சுட்டார்கள். றப்பர், பிளாஸ்டிக் தோட்டாக்களால் அங்கு 17 பேர் இறந்தனர். சிறுவர்களும் அதில் அடக்கம். ‘சாகமாட்டான்’ என்ற எண்ணமே விசையை இலகுவாக்கிவிடுகிறது. கண்ணீர்ப்புகையும் அப்படித்தான். ஓட வழியுள்ள வெளியில் அது கூட்டத்தைக் கலைக்கும். காத்தான்குடி போன்ற நெருக்கமான ஒழுங்கைகளில் வீட்டுக்குள் இருக்கும் கைக்குழந்தையின் மூச்சைத்தான் முதலில் பிடிக்கும்.

மறுபக்கமும் உண்டு. 2018 மார்ச்சில் திகன, கண்டிப் பகுதிகளில் ஊரடங்கு இருக்கும்போதே நமது கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. அங்கே குறைந்தது கருவியல்ல, காப்பாற்றும் கட்டளை. எந்த ஆயுதமும் தான் யார் பக்கம் திரும்புவதென்று தீர்மானிப்பதில்லை.

ஆகவே நமது கோரிக்கை கருவியோடு நின்றுவிடக் கூடாது. கூட்டத்தைக் கையாளப் பயிற்சி பெற்ற பொலிஸாரே முதலில் வரவேண்டும். படையினர் வந்தே ஆகவேண்டுமென்றால், கட்டளையிட்ட சிவில் அதிகாரியின் பெயர் பதிவாக வேண்டும். வீசிய ஒவ்வொரு புகைக்குண்டுக்கும் கணக்கு வேண்டும். காயப்பட்டவருக்கு உடனே வைத்தியம் வேண்டும். நமது பள்ளிவாசல் சம்மேளனங்கள் பிரதேச செயலகக் கூட்டங்களில் இதைக் கேட்பதற்கு அடுத்த பதற்றம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.